தங்கச்சியின் பெருவிரல் நகம்

ஏழு றாத்தல் படிக்கல் ஒன்று மேசையிலிருந்து விழுந்து என் தங்கச்சியின் வலது கால் பெருவிரலை நசுக்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினாறு. நாங்கள் அப்போது மாத்தளை டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஓடும் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். வாப்பா பல்லேபொல பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் பாக்கும் வாங்கி டவுனில் மொத்தக் கடைகளுக்குக் கொடுப்பவர். வாங்கிய மூட்டைகள் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நிறுக்கப்படும். வாப்பா வெளியே போன நாட்களில் நானும் தங்கச்சியும் நிறுத்து வைப்போம். அவள் சாக்கின் வாயைப் பிடிப்பாள், தராசும் கல்லும் என் கையில்.

அன்று காலையில் நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். கோபத்துக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவளை மட்டும் பரீட்சை எழுதும்வரை படிக்க விட்டிருந்தார்கள். அவள் சாக்கைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படிக்கல்லைத் தராசிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். பாதி மேசையிலும் பாதி வெளியிலுமாக அது இருந்ததைக் கண்டேன். உள்ளே தள்ளி வைக்க ஒரு விரல் போதும். வைக்கவில்லை. அடுத்த மூட்டையை இழுத்தபோது மேசை ஆடியது.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே மிளகின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பார்க்க நகத்துக்கு அடியில் சிவந்து, நீலமாகி, பகல் சாப்பாட்டுக்குள் கறுத்துப் போனது.

"உம்மாக்கிட்ட நிலைப்படில அடிபட்டிச்சிண்டு சொல்லு," என்றேன்.

"ஏன் தாத்தா?"

எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கேட்டபோது அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "வாப்பா ஏசுவார்," என்றேன். அவள் நிலைப்படி என்றே சொன்னாள். நிலைப்படியில் இடித்துக்கொண்டதற்கெல்லாம் யார் மருந்துக்குப் போவார்கள்? உம்மா மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டார். இரண்டு நாள் அவள் காலைக் கீழே தொங்கப் போட முடியாமல் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்தாள். விரலுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருக்கிறது என்றாள்.

மூன்றாம் நாள்தான் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துத் தமிழர், அமைதியான மனிதர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிட் விளக்கில் ஒரு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, நகத்தின் நடுவில் மெல்ல வைத்தார். நகம் கருகும் வாசம் வந்தது. ஊசி நகத்தைத் துளைத்ததும் கறுத்த இரத்தம் கசிந்தது. தங்கச்சியின் முகம் அந்த நொடியே தெளிந்தது. இரண்டு நாளாக அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படியிலேயே இருந்திருந்தேன்.

"அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா ரத்தம் முழுசா வெளிய வந்திருக்கும்," என்றார் அவர். "இப்ப பாதி உறைஞ்சிருச்சு. நகம் விழுந்திரும். புதுசு வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். வேர்ல பலமா அடி பட்டிருக்கு, அதனால நேரா வளருமான்னு சொல்ல முடியாது." பிறகு உம்மாவைப் பார்த்து, "படியில இடிச்சா இப்படி ஆகாதுங்களே," என்றார். உம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தேன்.

மூன்றாம் வாரத்தில் நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு நாள் குளிக்கும்போது கழன்று விழுந்தது. புது நகம் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. வந்தது நகமாக இல்லை. பழைய கொம்புச் சீப்பின் நிறத்தில், மூன்று நகத்தை ஒன்றாக ஒட்டியது போலத் தடித்து, மேலே வரிவரியாக, பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து வளர்ந்தது. போர்வையில் மாட்டும். பாவாடை ஓரத்தில் மாட்டி நூலை இழுக்கும்.

மறுபடி அப்போதிக்கரியிடம் போனோம். அவர் கொஞ்சம் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சில பேருக்கு ஈரத்தில் நின்று நின்று நகத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அப்போது நகம் மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும், இது அதில்லை என்றார். "அடிபட்ட வேர்லருந்து வர்ற நகம். மருந்து பூசி மாறாது. ஆனா பயப்படவும் வேணாம். வாரத்துக்கு ஒரு தடவ வெந்நீர்ல உப்புப் போட்டுக் கால ஊற வச்சு, சின்ன அரத்தால மேல ராவிக்கிட்டு வாங்க. வெட்டுறப்போ நேரா வெட்டுங்க. மூலையில வளைச்சுத் தோண்டக் கூடாது. தோண்டினா நகம் சதைக்குள்ள போயிரும்."

தங்கச்சி அதை அப்படியே செய்தாள். வியாழக்கிழமைகளில் பின்வாசலில் உட்கார்ந்து பேசினில் காலை வைத்துக்கொண்டு பாடம் படிப்பாள். பிறகு சின்ன அரத்தால் ராவுவாள். மூன்று நான்கு வருஷம் அந்த நகம் அவளுக்கு ஒரு நோவும் தரவில்லை. பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான். அவள் அதைப் பற்றி யோசித்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. வெட்கப்பட அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

அவளுக்கு நாலந்தாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரோட்டோரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை தகப்பனோடு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குள் கல்யாணமாகி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தேன். பெண் பார்க்க மாப்பிள்ளையின் உம்மாவும் சின்னம்மா முறைச் சாச்சிமாரும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் நான் போனேன். அவளை உட்கார வைத்துக் கால்களைப் பார்த்தேன். உம்மா, "இருக்கிறது இருக்கட்டும், கேட்டா சொல்லுவோம்," என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த நகத்தை யாரும் பார்த்துவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டுவிடக் கூடாது. இன்று யோசித்தால் எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அவளுடைய நன்மைக்கு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பாவின் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். தடித்த நகத்துக்கு வீட்டில் வேறு எதுவும் ஈடுகொடுக்காது.

"மூலையில வெட்ட வேணாண்டு அப்போதிக்கரி சொன்னாரே தாத்தா."

"ஒரு நாளைக்குத்தானே. சும்மா இரி."

மற்ற விரல்களின் நகத்தைப் போல வட்டமாக வர வேண்டும் என்று இரண்டு மூலையிலும் ஆழமாக வெட்டினேன். உள்மூலையில் இரத்தம் பொடித்தது. அதிலும் மற்றக் கால்விரல்களிலும் மருதோண்டி அரைத்து அப்பினேன். நகப்பூச்சு பூசினால், தொழுமுன் கை கால் கழுவும் ஒழுவின்போது நகத்தில் தண்ணீர் படாது, தொழுகை கூடாது. மருதோண்டிக்கு அந்தத் தடை இல்லை. மறுநாள் காலையில் பத்து நகமும் ஒரே சிவப்பாக இருந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளையின் உம்மா அவளைப் பக்கத்தில் இருத்தி, "மருதோண்டி நல்லாச் செவந்து ஈக்கி," என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அங்க போய் அந்த நகத்த ஒருத்தருக்கும் காட்டாத. மாப்பிள்ளைக்கும்தான். கால்ல கொறையோட பொண்ணக் குடுத்துட்டாங்கண்டு சொல்லுவாங்க. வாப்பாட பேரு கெட்டுப் போகும்."

"அவர் கண்டா?"

"பித்தவெடிப்பு, எண்ண பூசி ஈக்கேண்டு சொல்லி மேஸ் போட்டுக்க. மருதோண்டி மங்க விடாத."

அவள் தலையை ஆட்டினாள். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை.

நாலந்தா மாத்தளையை விட வெயில் கூடின இடம். அந்த வெயிலில் அவள் நான் சொன்னபடியே காலுறை போட்டுக்கொண்டு மூன்று வருஷம் குடும்பம் நடத்தினாள். உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்தால் மாமி பார்த்துவிடுவார் என்று அதையும் விட்டுவிட்டாள். அரத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஐந்து வேளை ஒழு எடுத்து, ஈரம் காயும் முன்னே காலுறையைப் போடுவாள். நான் வெட்டிய மூலையில் நகம் திரும்ப வளரும்போது நேராக வராமல் சதைக்குள் இறங்கியது. அவள் கடிதம் எழுதினாள். "தாத்தா, விரலின் ஓரம் வீங்கி இருக்கிறது. இவரிடம் சொல்லட்டுமா?" வேண்டாம், வேப்பெண்ணெய் தடவு, அடுத்த முறை வரும்போது நான் பார்க்கிறேன் என்று பதில் எழுதினேன்.

தலைப்பிள்ளைக்காக அவள் உம்மா வீட்டுக்கு வந்தாள். மாதம் ஏறிக் கால்கள் வீங்கியிருந்ததால் விரல் இன்னும் மோசமாக இருந்தது. நகத்தின் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்து நகத்தின்மேல் ஏறியிருந்தது. தொட்டால் சீழ் வந்தது. உம்மா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்றேன் நான். அன்று பகலே பிளேட்டை வெந்நீரில் போட்டு எடுத்து, உள்ளே போன மூலையை வெட்டி எடுத்தேன். அவள் துவாயை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு வாரம் நோவு இல்லாமல் இருந்தது. நான் சுகப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே ஒரு ஊசி போல நகத்துண்டு மிஞ்சியிருந்தது என்றும், ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அது இன்னும் ஆழத்திலிருந்து வளர ஆரம்பிக்கும் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மகன் பிறந்தான். பிரசவ வார்டில் இருந்தவர்களுக்குக் காலைப் பார்க்க நேரமில்லை, அவளும் காட்டவில்லை. நாற்பது நாள் கழிந்து நாலந்தாவுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் எனக்கு மறக்க முடியாதது. ஒரு நாள் முற்பகலில் மச்சினன், அதாவது தங்கச்சியின் புருஷன், கடைக்குச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலோடு சலாம் சொல்லிவிட்டுப் போகிறவர். அன்று உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, ஓங்கக்கிட்ட ஒண்டு கேக்கணும். ஒளிக்காமச் சொல்லுங்க."

"என்னா?"

"ஓங்கட தங்கச்சிக்கி என்னோட இருக்க விருப்பமில்லையா? கட்டாயப்படுத்திக் கட்டிக் குடுத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் காலை இழுத்துக்கொண்டு விலகிப் போகிறாளாம். காலில் என்ன என்று கேட்டால் அழுகிறாளாம். நடையிலும் ஒரு மாற்றம். தான் என்ன தவறு செய்தோம் என்று விளங்கவில்லை, ஊரில் கேட்க வேறு ஆளில்லை என்றார்.

வாய்க்குள் சொல் வந்துவிட்டது. நகம், அவ்வளவுதான், நகத்தில் நோவு. ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயம். அதைச் சொன்னால் எப்போதிலிருந்து, எப்படி, ஏன் மறைத்தீர்கள் என்று வரிசையாகக் கேள்வி வரும். கடைசிக் கேள்வி அந்தப் படிக்கல்லில் போய் நிற்கும்.

"அப்பிடி ஒண்டும் இல்ல. அவளுக்கு எப்பவும் கூச்சம். பிள்ள பொறந்த ஒடம்பு வேற. போகப் போகச் சரியாகும்," என்றேன்.

அவர் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் நம்பவில்லை என்று நடையிலேயே தெரிந்தது.

பத்து நாளைக்குள் ஆள் வந்தது, தங்கச்சியை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று. தொழுகைப் பாயிலிருந்து எழும்ப முடியாமல் விழுந்திருக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதித்திருக்கிறது. பாயில் காலுறையோடு சீழும் இரத்தமும் ஒட்டியிருந்ததைக் கண்டு அவர்தான் காலுறையைக் கழற்றியிருக்கிறார். விரல் முழுக்க வீங்கி, சிவப்பு ஒரு கோடாகக் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் லொறி ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நானும் உம்மாவும் போனபோது டாக்டர் அம்மா காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்மணி. நகத்தின் இரண்டு மூலையையும் பார்த்துவிட்டு, இதை இப்படி வெட்டியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. மச்சினன் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது, நான் தலை நிமிரவில்லை.

"நான்தான்," என்றாள் தங்கச்சி, காய்ச்சலோடு, சிங்களத்தில். "நானே வெட்டிக்கொண்டேன்."

நான் அவளுடைய போர்வையின் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் இறங்க ஐந்து நாள் பெனிசிலின் ஊசி போட்டார்கள். பிறகு விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு மரக்கச் செய்து, நகம் முழுவதையும் எடுத்துவிட்டு, திரும்ப முளைக்காதபடி அதன் வேரையும் மருந்து வைத்துக் கருக்கினார்கள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அரை மணித்தியால வேலை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அதுகூட வேண்டியிருந்திருக்காது, நகத்தின் ஓரத்துக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தூக்கிவிட்டு, உப்பு வெந்நீரில் ஊற வைத்திருந்தாலே போதும் என்று டாக்டர் அம்மா மச்சினனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் அவரிடம் சொன்னேன். மேசை ஓரத்தில் வைத்த கல்லிலிருந்து, அவர் என் வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும், ஒன்றும் விடவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்டைக்கி வந்து கேட்டேனே தாத்தா," என்றார். "நகம்ண்டு சொல்லியிருந்தா நான் அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். என்னத்தான் பிடிக்கல்லியாக்கும்ண்டு, விட்டுடுவமாண்டுகூட நெனச்சுப் போட்டேன்."

விட்டுவிடுவோமா என்று அவர் நினைத்திருக்கிறார். நான் அவளுடைய வாழ்க்கையைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன் என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டக் கேட்டு என்ன? அவகிட்டக் கேளுங்க," என்றார்.

கேட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள், "சரி தாத்தா, முடிஞ்சதுதானே," என்றாள். காலில் பெரிய கட்டு. மச்சினன் பேசினில் இளஞ்சூட்டு நீர் கொண்டுவந்து, கட்டுத்துணி புண்ணில் ஒட்டாமல் ஊற வைத்து ஊற வைத்து எடுத்தார். முன்பின் செய்து பழக்கமில்லாத கை. அவள் காலை அவர் மடியில் நீட்டி வைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உதவப் போனேன். "இல்ல, அவர் செய்வார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் கை பட வந்ததும் அந்தக் கால் தானாகவே ஒரு அங்குலம் பின்னுக்குப் போனது.

புண் ஆறி, நகம் இருந்த இடத்தில் தோல் மட்டும் காய்த்தது. அவள் காலுறையை விட்டுவிட்டாள். கடைக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பாள், மாமியோடு சேர்ந்து மிளகாய் காய வைப்பாள். மாமி அந்த விரலைப் பார்த்துவிட்டு, "இதுக்கா புள்ள மூணு வருஷம் மறச்ச?" என்று கேட்டுச் சிரித்தாராம். அவர்களுக்குள் பிறகு ஒரு குறையும் வரவில்லை. அது எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்குக் கடிதம் வருவது மட்டும் நின்றுபோனது. பெருநாளுக்கு வருவாள், சலாம் சொல்லுவாள், என் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருவாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவாள். என்ன செய்யட்டும் தாத்தா என்று கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டாவது பிள்ளைக்கு உம்மா வீட்டுக்கு வரவில்லை. தன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். மகள் பிறந்த செய்தியை மூன்று நாள் கழித்து, நாலந்தாப் பக்கம் மிளகு வாங்கப் போய் வந்த ஒரு வியாபாரி எங்கள் ஒழுங்கையில் வைத்து எனக்குச் சொன்னார். தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பேச்சை எடுத்தார். தெரியும் என்றே சொன்னேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மாமி வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். தங்கச்சி என்னைக் கண்டு சிரித்து, பிள்ளையை என் கையில் தந்தாள். "எப்ப வந்தீங்க தாத்தா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். வேறு யார் வந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாள். பின்னேர பஸ்ஸுக்கு எழும்பியபோது இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் பிந்தினால் இருட்டிவிடும், கவனமாகப் போங்க என்றாள்.